அத்தான் திருப்பிப் போட்ட தோல் வளையம்

குழம்பில் உப்புக் கூடிவிட்டால் எங்கள் வீட்டில் சண்டை வரும். சண்டை உப்புக்காக அல்ல. அத்தான் அதைச் சொல்லும் விதத்துக்காக.

பரிமாறும்போதே அக்காவுக்குத் தெரிந்துவிடும். "இன்னைக்குக் கொழம்பு பாழாப் போச்சு" என்று அவளே முந்திக்கொள்வாள். வேறொரு புருஷனாக இருந்தால் ஒன்றும் சொல்லாமல் விழுங்கியிருப்பான். அல்லது தட்டைத் தள்ளிவிட்டு எழுந்திருப்பான். அத்தான் இன்னொரு வாய் எடுத்து, மென்று, யோசிப்பார்.

"கொழம்பு பாழாப் போகலை. உப்பு கூடிருக்கு, அவ்வளவுதான். புளி சரியா இருக்கு. மீன் பதமா வெந்திருக்கு. உப்பு மட்டுந்தான் ஒன் தப்பு. மத்ததையெல்லாம் எதுக்கு நீயா இழுத்து மேல போட்டுக்கிடுத?"

"நல்லாருக்குன்னு சொல்லுங்க, இல்ல நல்லால்லன்னு சொல்லுங்க. ஒரு வார்த்தையில சொல்லத் தெரியாதா?"

"ஒரு வார்த்தையில சொன்னா பொய்யால்ல ஆயிரும்."

அக்கா அகப்பையை வைக்கும் சத்தம் தெருவுக்குக் கேட்கும்.

நான் அவளுடைய தங்கை. படிப்பை முடித்து, பாளையங்கோட்டையில் ஒரு மிஷன் பெண்கள் பள்ளியில் ஆசிரியையாகச் சேர்ந்திருந்தேன். அப்பாவும் அம்மாவும் இல்லாததால் அக்கா வீட்டில்தான் இருந்தேன். அத்தான் தூத்துக்குடியில் படகு எஞ்சின் பட்டறையில் வேலை பழகியவர். ஆற்றுக்கு அந்தப் பக்கம் பஞ்சு அரைத்துப் பொதி கட்டும் ஒரு ஆலையில் ஃபிட்டராக இருந்தார். குட்டையான, கழுத்துத் தடித்த மனிதர். ஞாயிற்றுக்கிழமை சலவைச் சட்டை போட்டு வேதக்கோயிலுக்கு வந்தாலும் அவர் பக்கத்தில் ஆமணக்கெண்ணெய் வாடை வரும். பேச்சில் இனிப்புக் கிடையாது. பாட்டுப் பாடினால் பக்கத்தில் இருப்பவர்கள் சுருதி விட்டுவிடுவார்கள்.

அவர் எப்படிப்பட்டவர் என்று எனக்குப் புரிந்தது என் கல்யாணப் பேச்சு முறிந்தபோதுதான். முக்கூடல் பக்கம் ஒரு மாப்பிள்ளை பேசியிருந்தார்கள். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் தாயார், "படிச்ச பொண்ணு சோறு பொங்குமா?" என்று கேட்டாள். நான், "சோறு பொங்கக் கை போதும், அது இருக்கு" என்று சொல்லிவிட்டேன். அவர்கள் போனவர்கள் போனவர்கள்தான். அவர்கள் அதற்கு முன்பே வேறொரு வீட்டிலும் பேச்சை முடித்து வைத்திருந்தார்கள் என்பது பிறகு தெரிய வந்தது. ஆனாலும் சொந்தபந்தம் முழுக்க என் வாயைத்தான் சொல்லிற்று. நானும் அதை நம்பினேன். பள்ளிக்கூடம் போகாமல், சாப்பிடாமல், அடுப்படி மூலையில் சுருண்டு கிடந்தேன்.

அத்தான் வந்து வாசற்படியில் நின்றார். "அந்த அம்மாகிட்ட நீ அப்படிப் பேசினது தப்பு. பெரிய மனுஷி. அது ஒன் தப்பு, அதுக்கு வேணும்னா அழு. ரெண்டு வீட்டுல பொண்ணு பேசி வச்சது அவங்க தப்பு. அதுக்கும் சேத்து நீ எதுக்கு அழுதுக்கிட்டுக் கெடக்க? எந்திச்சு மூஞ்சியக் கழுவு."

எனக்கு ஆறுதல் சொன்ன எல்லாரும் "உன் மேல தப்பே இல்ல" என்றார்கள். அவர்களில் ஒருவரையும் நான் நம்பவில்லை. அத்தான் சொன்னதை நம்பினேன். எழுந்து முகம் கழுவினேன்.

இப்படிப்பட்ட மனிதரின் தலையில்தான் அந்தத் துரை தன் பாவத்தை ஏற்றி வைத்தான். துரைமார்களுக்கெல்லாம் 'ஆர்' போட்டு எழுதிப் பழகிய கைதான் இது. அவனுக்கு மட்டும் போட வரமாட்டேன் என்கிறது. நான் போடப்போவதும் இல்லை.

அவன் அந்தப் பஞ்சாலையின் மேனேஜர். கப்பலில் ஒரு மோட்டார் சைக்கிள் வரவழைத்திருந்தான். திருநெல்வேலியில் அப்போதெல்லாம் ஒரு மோட்டார் வண்டி போனால் ஜனங்கள் நின்று பார்த்த காலம். இவன் வண்டியை மட்டும் நின்று பார்க்க மாட்டார்கள், ஓடி ஒதுங்குவார்கள். வில்வண்டி மாடு மிரண்டு வயலில் இறங்கும். தலைச்சுமைக்காரிகள் சுமையோடு வேலியில் சாய்வார்கள். அவன் சிரித்துக்கொண்டே போவான். அதை நானே என் கண்ணால் பார்த்திருக்கிறேன், அதனால் யாரும் எனக்கு மறுத்துச் சொல்ல வேண்டாம்.

அந்த வண்டி எங்கே நின்றாலும் கீழே கறுப்பாக எண்ணெய் சொட்டும். வரவர சொட்டு அதிகமாகி, அவனுடைய வெள்ளைக் கால்சட்டையில் தெறிக்க ஆரம்பித்தது. அப்போதுதான் அவனுக்கு அது பழுது என்று பட்டது. ஒரு சனிக்கிழமை ஆலையின் தலைமைக் குமாஸ்தாவிடம் சொல்லியனுப்பினான்: மறுநாளைக்குள் எண்ணெய் நிற்க வேண்டும். ஆலை அன்று அடைப்பு. அதனால் அத்தான் வண்டியை எங்கள் வீட்டுப் பின்கட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்தார். முருங்கை மரத்தடியில் நிறுத்தி, எண்ணெயைப் பிடிக்க அக்காவின் ஆப்பச்சட்டியை எடுத்துக் கீழே வைத்தார். அதற்கு ஒரு சண்டை நடந்தது.

நான் கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். எங்கிருந்து ஒழுகுகிறது என்று கேட்டேன்.

"இங்கன பாரு. எஞ்சினுக்குள்ள சுத்துத தண்டு இந்த எடத்துல வெளிய வருது. தண்டு சுத்தணும், ஆனா எண்ணெய் வெளிய வரக்கூடாது. அதுக்குத்தான் தண்டைச் சுத்தி ஒரு கம்பளி வளையம் வச்சிருப்பான். அது செத்துப்போச்சு."

தண்டின் நுனியில் ஒரு கப்பி இருந்தது. அதிலிருந்து ஒரு தோல் பெல்ட் போய்ப் பின்சக்கரத்தைச் சுற்றும். பெல்ட்டைக் கழற்றி, கப்பியின் மரையை விடுவித்து, நெருப்புக் காட்டி, மரச்சுத்தியால் பையத் தட்டிக் கப்பியை உருவினார். உள்ளே இருந்த கம்பளி வளையத்தைக் குறட்டால் இழுத்தபோது கருகிய அப்பளம் மாதிரி நொறுங்கியது.

"எண்ணெய் போனா எஞ்சின் கெட்டுப்போகுமா?"

"எஞ்சின் கெட்டா துரைக்குத்தான் நட்டம். ஊருக்கு நட்டம் வேற. சிந்துத எண்ணெய் இந்தக் கப்பியில பட்டு பெல்ட்டுல தெறிக்கும். பெல்ட்டு பின்சக்கரத்துல ஓடுத வளையத்துலதான் பிரேக் கட்டையும் புடிக்குது. அங்கன எண்ணெய் பட்டா கட்டை வழுக்கும்."

புதுக் கம்பளி வளையம் சென்னையிலிருந்து வர வேண்டும். தலைமைக் குமாஸ்தாவோ, துரைக்கு நாளைக்கே வண்டி வேண்டும் என்று வாசலில் நின்றுகொண்டிருந்தார். அத்தான் செருப்புத் தைப்பவரிடம் நல்ல தோல் துண்டாக ஒன்று வாங்கி வந்தார். தண்டின் அளவுக்கு வளையமாக வெட்டினார். ஆமணக்கெண்ணெயைச் சுடவைத்து அதில் ஊறப்போட்டார். குமாஸ்தா ஒரு கால் மாற்றி ஒரு காலில் நின்று, "ஆச்சா வே, ஆச்சா வே" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அத்தான் வளையத்தை எடுத்து, துடைத்து, இடத்தில் அழுத்தி, கப்பியை மாட்டி, பெல்ட்டைப் போட்டார். வண்டியைக் கிளப்பியபோது தெரு முழுக்கப் புகை. கோழிகள் கூரைமேல் ஏறின. சற்று நேரம் ஓடவிட்டுக் கீழே குனிந்து பார்த்தோம். மணல் காய்ந்தே இருந்தது.

"நீரு பெரிய கெட்டிக்காரரு வே" என்றார் குமாஸ்தா.

"கெட்டிக்காரத்தனம் ஒண்ணுமில்லை. இது தோலு. தற்சமயத்துக்குத்தான் தாங்கும். பையப் போகணும். அங்கங்க நிறுத்தி பெல்ட்டத் தொட்டுப் பாக்கணும். எண்ணெய் தட்டுப்பட்டா ஓட்டவே கூடாது. இதைத் துரைகிட்ட அப்படியே சொல்லிரும்."

"சொல்லுதேன், சொல்லுதேன்" என்று குமாஸ்தா போனார். கிணற்றடியில் நின்று ஒவ்வொரு வார்த்தையையும் நான் கேட்டேன். பின்னால் கோர்ட்டில் அந்த மனிதர் "ஞாபகமில்லை" என்றார்.

மறுநாள் சாயங்காலம், ஆற்றுப் பாலத்திலிருந்து வண்ணார்பேட்டைக்கு இறங்கும் சரிவில், மோர் விற்றுவிட்டு வெறும் பானையோடு திரும்பிக்கொண்டிருந்த பேச்சி என்கிற பெண்ணின் மேல் துரை வண்டியை ஏற்றினான். தொடை எலும்பு முறிந்தது. பானை உடைந்த சத்தம் பாலத்தின் நடுவரைக்கும் கேட்டதாக எதிரே வந்த ஒரு வண்டிக்காரர் சொன்னார். துரையின் வண்டி தள்ளாடியது, ஆனால் விழவில்லை. அவன் திரும்பிப் பார்த்தான். அப்புறம் போய்விட்டான். அந்த வண்டிக்காரர்தான் பேச்சியைத் தூக்கி வைக்கோல் மேல் கிடத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

அன்று ராத்திரி கிளப்பில் அவன் சாப்பிட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போயிருக்கிறான். காலையில் போலீஸ் எங்கள் வீட்டு வாசலில் நின்றது. அஜாக்கிரதையாகப் பழுது பார்த்ததனால் பிரேக் பிடிக்கவில்லை, அதனால் ஒரு பெண்ணுக்குக் காயம் ஏற்பட்டது என்று துரையே போய்ச் சொல்லியிருந்தான். அடிபட்டவள் ஆஸ்பத்திரியில். அடித்தவன் பங்களாவில். பழுது பார்த்தவர் போலீஸ்காரனுக்குப் பின்னால் தலைப்பாகைகூடக் கட்டிக்கொள்ளாமல் தெருவில் நடந்து போனார். இது எந்த ஊர் நியாயம் என்று அன்று நான் யாரிடம் கேட்டிருக்க முடியும்? இன்றைக்கும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஆலை முற்றத்தில் இன்ஸ்பெக்டர் முன்னால் வண்டியை அத்தானே பிரிக்க வேண்டும் என்றார்கள். பிரித்தார். வளையத்தை எடுத்துக் கொடுத்தார். அதைப் பார்த்து யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. ஜாமீனில் வீட்டுக்கு வந்தவர், கிணற்றடியில் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டே இருந்தார். சோறு போட்டு வைத்து அக்கா கூப்பிட்டும் வரவில்லை. பிறகு உள்ளே வந்து எங்கள் இருவரையும் பார்த்துச் சொன்னார்.

"தோலைத் திருப்பிப் போட்டிருக்கேன்."

எங்களுக்குப் புரியவில்லை.

"தோலுக்கு ஒரு பக்கம் வழுவழுன்னு இருக்கும், ஒரு பக்கம் சொரசொரன்னு இருக்கும். வழுவழுப்பு கப்பிப் பக்கம் இருக்கணும். நான் சொரசொரப்பைக் கப்பிப் பக்கம் வச்சுட்டேன். ஓட ஓட அரைச்சுத் தேஞ்சு எண்ணெய விட்டுருக்கு. குமாஸ்தா அவசரப்படுத்துனாரு, நான் பாக்காம வச்சுட்டேன்."

அக்கா எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினாள். "இதை யாரும் பாத்தாங்களா?"

"பாத்தாங்க. அவங்களுக்குத் தெரியலை."

"தெரியாண்டாம். கர்த்தர் மேல ஆணையாச் சொல்லுதேன், இதை வெளிய சொல்லாதீங்க."

அத்தான் ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் இருந்தால் அது சம்மதம் இல்லை என்று அக்காவுக்குத் தெரியும். அவள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு இரண்டு பேர் வந்து போனார்கள். இரண்டு பேருமே படித்தவர்கள். இருவரும் அவரைப் பொய் சொல்லச் சொன்னார்கள்.

முதலில் தலைமைக் குமாஸ்தா. "முழுசா ஒத்துக்கிடும் வே. வண்டி நிக்காமப் போனதே ஒம்ம வேலையாலதான்னு சொல்லிரும். துரை மேலிடத்துல பேசி லேசா முடிச்சிருவாரு. வேலையும் போகாது."

"என் பங்கை நான் ஒத்துக்கிடுதேன். அவரு பங்கு எனக்கு எதுக்கு?"

"பங்கு பிரிக்க இது என்ன தென்னந்தோப்பா?"

"அப்பம் துரையே முழுசும் எடுத்துக்கிடட்டும். ஒரே ஆளுக்குத்தான்னா அவருகிட்ட குடுங்க."

குமாஸ்தா குடையைத் தட்டிக்கொண்டு போய்விட்டார்.

அடுத்து ஒரு வக்கீல். துரைமார் ஆட்சி மேல் கோபம் உள்ளவர். கூலி வாங்காமல் வாதாட வந்தார். அதற்கு நான் இன்றும் நன்றி சொல்லுவேன். ஆனால் அத்தான் தோல் விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் சுருங்கியது.

"அதை யாரும் கேக்கல்லையே. நீர் ஏன் சொல்லணும்? தோல் சரியா இருந்துது, எண்ணெயே சிந்தல்லை, துரை புளுகறான். அவ்வளவுதான் நம்ம கேஸ்."

"எண்ணெய் சிந்திச்சு ஐயா."

"ஊரே உம்ம பக்கம் இருக்கு. சுத்தமான ஆளா நீர் நின்னாத்தான் அவனைப் பிடிக்க முடியும்."

"ஒழுகுனதை ஒழுகலைன்னு நான் சொன்னா, நிக்காமப் போனவன் சொல்லுததுக்கும் நான் சொல்லுததுக்கும் என்ன வித்தியாசம்?"

வக்கீல் என்னைப் பார்த்தார், நீயாவது சொல்லக்கூடாதா என்று. நான் சொல்லிப் பார்த்தேன். எனக்கு ஜெயிக்க வேண்டும் என்றுதான் இருந்தது. அத்தான், "நாளைக்கு என்கூட ஆஸ்பத்திரிக்கு வா. பொம்பளைங்க படுத்திருக்க எடத்துக்கு நான் மட்டும் போகமுடியாது" என்றார்.

பேச்சியின் காலில் பலகை வைத்துக் கட்டியிருந்தார்கள். வலியில் முகம் வெளிறியிருந்தது. எங்களை யாரென்று தெரியாமல் பார்த்தாள்.

"அந்த வண்டியப் பழுது பாத்தவன் நான்" என்றார் அத்தான். "நான் வச்ச தோலு தப்பு. திருப்பி வச்சிட்டேன். அதனாலதான் எண்ணெய் சிந்துச்சு. பிரேக் சரியாப் புடிச்சிருக்காது. அது என் தப்பு. ஒன்கிட்ட நேர்ல சொல்லணும்னு வந்தேன்."

பேச்சி முழங்கையை ஊன்றித் தலையைத் தூக்கினாள். பிறகு ஆரம்பித்தாள். அந்தக் கை புழுத்துப்போகட்டும் என்றாள். நீ சொல்லிவிட்டால் என் கால் சேர்ந்துவிடுமா, என் மாட்டை யார் கறப்பது, என் பிள்ளைக்கு யார் கஞ்சி காய்ச்சுவது என்றாள். அடுத்த கட்டில்களில் இருந்தவர்கள் எல்லாம் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"பேசட்டும். இது எனக்குள்ளது" என்றார் அத்தான். கையைக் கட்டிக்கொண்டு, அவள் முடிக்கும்வரை நின்றார்.

அவள் களைத்துப்போய்த் தலையணையில் சாய்ந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, தணிந்த குரலில் கேட்டாள்.

"ஒம்ம தோலு ஒழுகிச்சு, சரி. அவன் கண்ணுமா ஒழுகிப்போச்சு? விழுந்து கெடக்கேன். திரும்பிப் பாக்கான். என் மூஞ்சியப் பாத்தான். பாத்துட்டுத்தான் போனான். அதுக்கு எந்தத் தோலு காரணம்?"

"அதுக்கு நான் இல்லை."

"அது எனக்குத் தெரியும். அதைக் கோர்ட்டுல சொல்லும்."

சொன்னார். தோலைத் திருப்பிப் போட்டதையும் சொன்னார், துரை நிற்காமல் போனதையும் சொன்னார். வக்கீல் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"அப்படியானால் குற்றத்தை ஒத்துக்கொள்கிறாய்" என்றார் மாஜிஸ்ட்ரேட்.

"தோலைத் திருப்பிப் போட்டது என் தப்பு. அடிச்சிட்டு நிக்காமப் போனது என் தப்பு இல்லை."

"கேட்டதற்கு மட்டும் பதில் சொல்."

"கேள்வி ரெண்டு இருக்குங்க ஐயா. ஒரு பதில் எப்படிச் சொல்ல?"

கூட்டம் சிரித்தது. அத்தான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. சிரிப்பு எங்கிருந்து வந்தது என்று திரும்பிப் பார்த்தார்.

பேச்சியை நாற்காலியில் வைத்துத் தூக்கி வந்தார்கள். ஆஸ்பத்திரியில் எங்களிடம் சொன்னதை அப்படியே சொன்னாள்: "என் மூஞ்சியப் பாத்துட்டுத்தான் போனான்." கோர்ட்டின் மொழிபெயர்ப்பாளர் அதை இங்கிலீஷில் சொன்னார். 'கனவான் தொடர்ந்து சென்றார்' என்று ஆகிவிட்டது. பார்த்ததும் இல்லை, மூஞ்சியும் இல்லை. என் வகுப்பில் ஒரு பிள்ளை இப்படி மொழிபெயர்த்திருந்தால் பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்தியிருப்பேன். நான் எழுந்து நின்று, "அவள் சொன்னது அது இல்லை" என்று இங்கிலீஷிலேயே சொன்னேன். சேவகன் ஓடி வந்து என்னை உட்கார வைத்தான். மாஜிஸ்ட்ரேட் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. வண்டிக்காரர் பார்த்ததைச் சொன்னார். குமாஸ்தா ஞாபகமில்லை என்றார்.

அத்தானே ஒத்துக்கொண்டதால் கேஸ் சுலபமாக முடிந்தது. அவருக்குச் சில மாதம் சிறை. துரைக்கு ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை என்றுகூடச் சொல்லக்கூடாது. சம்பவத்தைத் தானாக முன்வந்து போலீசில் தெரிவித்ததற்காக அவனைப் பாராட்டி ஒரு வாக்கியம் வாசித்தார்கள். அந்த வாக்கியம் என் காதில் இன்னும் கிடக்கிறது.

ஊர் அதைவிட மோசம். நேற்றுவரை அத்தானைத் தோளில் தூக்கியவர்கள், "வாயால கெட்டான்" என்றார்கள். பொய் சொல்லி ஜெயித்திருந்தால் மாலை போட்டிருப்பார்கள். உண்மையைச் சொன்னவனைக் காட்டிக்கொடுத்தவனைப்போலப் பார்த்தார்கள். துரையைப் பற்றி ஒரு வார்த்தை பேச அவர்களில் ஒருவருக்கும் அதற்குப் பிறகு தைரியம் இல்லை. அத்தானைப் பற்றிப் பேச மட்டும் எல்லாருக்கும் வாய் இருந்தது.

அவர் உள்ளே இருந்த காலத்தில் என் சம்பளத்திலும், அக்கா பின்னிய லேஸிலும் வீடு நடந்தது. அவர் திரும்பி வந்தபோது கழுத்து ஒட்டிப்போயிருந்தது. அக்கா சோறு போட்டாள், பேசவில்லை. வெகுநாள் பேசவில்லை. ஒருநாள் வெடித்துவிட்டாள்.

"அந்தப் பொம்பளைகிட்டப் போயி ஒம்ம தப்பைச் சொன்னீரே. எனக்குச் செஞ்சதை எவகிட்டப் போய்ச் சொல்லுவீரு?"

மரியாதையாகப் பேசும் அக்கா அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அத்தான் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நீ பட்டது என் தப்புதான். அதுல துரைக்குப் பாதியின்னு நான் சொல்லமாட்டேன்" என்றார்.

அவர் வண்ணார்பேட்டையில் ஒரு சின்னப் பட்டறை போட்டார். சைக்கிளும் வண்டி அச்சும் பழுது பார்த்தார். முதல் வேலையாக, பழைய சைக்கிள் சக்கரங்களை வைத்து, தாழ்வாக, மோர்ப்பானைகள் இறங்கி உட்காரும்படி ஒரு தள்ளுவண்டி செய்தார். பேச்சிக்கு முறிந்த கால் கோணலாகவே கூடிவிட்டது. தலையில் சுமக்க முடியாது. வண்டியைக் கொண்டுபோய் அவள் வாசலில் நிறுத்தி, "இது என் பங்குக்கு" என்றார்.

அவள் நன்றி ஒன்றும் சொல்லவில்லை. சக்கரத்தை ஒரு தரம் உருட்டிப் பார்த்தாள். "மிச்சத்தை நான் வாங்கிக்கிடுதேன்" என்றாள்.

மறுநாளிலிருந்து அவள் மோர்வண்டியைத் துரையின் பங்களா கேட்டுக்கு எதிரே, ரோட்டின் மறுகரையில், ஒரு புளியமரத்தடியில் போட்டாள். அவன் வெளியே வரும்போதெல்லாம் எழுந்து நின்று, கூச்சல் இல்லாமல், "என்னயத் தெரியுதாய்யா?" என்று கேட்பாள். வேறு ஒரு வார்த்தை கிடையாது. காவல்காரன் விரட்டினான். அது சர்க்கார் ரோடு என்றாள். போலீஸ் வந்து அப்புறப்படுத்தினால் அடுத்த நாள் திரும்ப வந்தாள். மெல்ல மெல்ல, அந்தப் பக்கம் ஜோலி இல்லாதவர்கள்கூட அங்கே போய் மோர் குடிக்க ஆரம்பித்தார்கள். நான் பள்ளி விட்டதும் சக ஆசிரியைகளை அழைத்துக்கொண்டு போவேன். அவன் பின்வாசல் வழியாகப் போய்வரத் தொடங்கினான். அப்புறம் ஒரு நாள் வேறு ஊருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டான். தண்டனை இல்லை, மாற்றல்தான். அதைப் பெரிய வெற்றி என்று சொன்னவர்களிடம் நான் சண்டை போட்டிருக்கிறேன்.

துரை போனதும் தலைமைக் குமாஸ்தா குடையோடு மறுபடியும் வந்தார். புதுத் துரை நல்லவர், வேலையைத் திரும்பத் தருவார், அவர் முன்னால் வந்து நடந்ததற்கெல்லாம் வருத்தம் தெரிவித்தால் போதும் என்றார்.

"என் தோலுக்கு வருத்தப்படுதேன். அதை எங்க வேணாலும் வந்து சொல்லுதேன்."

"எல்லாத்துக்கும்னு ஒரு வார்த்தை சொல்லும் வே. சொன்னா என்ன கொறஞ்சுபோகும்?"

"பேச்சிக்குக் கொறஞ்சுபோகும்" என்றார் அத்தான்.

பட்டறையிலேயே இருந்துவிட்டார். துரையின் சதியால் ஜெயிலுக்குப் போன தியாகி என்று யாராவது அவரைப் புகழ வந்தால் வேலையை நிறுத்திவிட்டு, தோல் கதையை முதலிலிருந்து சொல்லித் திருத்துவார். வந்தவர் முகம் தொங்கிப்போகும். இதில் அவர் பிடிவாதக்காரர்தான். சில நாள் எனக்கே எரிச்சல் வரும்.

அவர் இறந்தபோது நான் ஆழ்வார்திருநகரியில் இருந்தேன். அங்கே பள்ளிக்கூட மாற்றல். ஓடி வந்தேன். எங்கள் கோயிலுக்குப் புதிதாக வந்திருந்த பாதிரியார், நாங்கள் ஐயர் என்று சொல்லுவோம், இளைஞர். கேள்விப்பட்டதை வைத்து உருக்கமாகப் பேசினார். குற்றமே அறியாதவர், மாசற்றவர், அந்நியரின் அநியாயத்தால் வீண்பழி சுமந்தவர் என்று சொல்லிக்கொண்டு போனார். ஜனங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

பாயில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா எழுந்தாள். மயக்கம் வருகிறதோ என்று நான் அவள் கையைப் பிடித்தேன். கையை உதறிவிட்டாள்.

"ஐயரே, அப்படிச் சொல்லாதீங்க. அவுக தோலைத் திருப்பிப் போட்டாக. அது அவுக தப்பு. அடிச்சிட்டு நிக்காமப் போனது அவன் தப்பு. ரெண்டையும் சொல்லுங்க."

அடக்க ஆராதனையில் ஒரு பொம்பளை எழுந்து பேசி அங்கே யாரும் பார்த்ததில்லை. மூப்பர் ஒருவர் அவளை உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினார். அக்கா நின்றாள்.

கடைசியில், கதவோரம், எங்கள் சபையைச் சேராத பேச்சி கோணிய காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். "ஆமா, அதைத்தான் சொல்லணும்" என்றாள்.

ஐயர் கையிலிருந்த புத்தகத்தை மூடினார். அக்காவைப் பார்த்து, எப்படி என்று இன்னொரு தரம் கேட்டுக்கொண்டார். பிறகு, சவப்பெட்டியின் முன்னால், இரண்டையும் சொன்னார்.